ஓடும் வீடும் நிற்கும் வீடும்
பேருந்தை வீடாக்குவோர் எதிர்கொள்ளும் ஒரு வினா

மக்களை ஏற்றிச் செல்லப் பிறந்த பேருந்து, தன் பணி முடிந்தபின் என்ன ஆகிறது? பெரும்பாலானவை பழைய இரும்பாகி உடைபடுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவற்றுள் சிலவற்றுக்கு மறுபிறவி ஒன்று வாய்க்கிறது. இருக்கைகள் கழற்றப்படுகின்றன. அவை இருந்த இடத்தில் கட்டிலும் அடுப்பும் அலமாரியும் அமைகின்றன. நேற்றுவரை ஊரார் ஏறியிறங்கிய வண்டி, இன்று ஒரு குடும்பத்தின் இல்லமாகிவிடுகிறது.

இவ்வாறு பேருந்தை வீடாக்க முனைவோர் தொடக்கத்திலேயே ஒரு வினாவுக்கு விடை கண்டாக வேண்டும். வண்டியோடு வந்த வெப்பமூட்டும் கருவியையும் குளிர்சாதனத்தையும் வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா என்பதே அவ்வினா. பார்வைக்கு இது சிறிய வினாவே. ஆனால் பணம், பாதுகாப்பு, சட்டம் ஆகிய மூன்றும் இதனுள் அடங்கியிருக்கின்றன. கழற்றுதல் ஒரு நாள் வேலை. கழற்றியதை மீண்டும் பூட்டுதலோ பலருக்குக் கைகூடாத செயல். ஆதலின் ஆராய்ந்து முடிவு செய்யவேண்டிய ஒன்றாகிறது.

ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெம்மை நிலவும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் வாழ்வோர்க்கு, பேருந்தில் வெப்பமூட்டும் கருவி எதற்கு என்று தோன்றலாம். அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள மினசோட்டா மாநிலத்தில் ஜனவரித் திங்களில் வெப்பநிலை நீர் உறையும் நிலைக்கும் கீழே 20 பாகை சென்டிகிரேடு வரை இறங்குவதுண்டு. தென்மேற்கிலுள்ள அரிசோனாப் பாலைவனத்தில் ஜூலைத் திங்களில் 45 பாகை வரை ஏறுவதும் உண்டு. ஒரே வண்டி, ஒரே ஆண்டில், இவ்விரண்டையும் காண நேரும். எனவே அங்கு வெப்பமும் குளிர்ச்சியும் உயிர்வாழ்வதற்கே வேண்டிய தேவைகள்.

இருவகைப் பேருந்துகள்

வீடாக மாறும் பேருந்துகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, மாணவர்களை ஏற்றிச் செல்லும் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து. மற்றொன்று, ஊர்விட்டு ஊர் செல்லும் நெடுந்தொலைவுப் பேருந்து.

பள்ளிப் பேருந்தை இல்லமாக்கிய நிகழ்ச்சிகளுள் பெயர்பெற்றது 1964-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. கென் கீசி என்னும் எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும், 1939-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பழைய பள்ளிப் பேருந்து ஒன்றில் கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க் வரை பயணம் செய்தனர். நெடுந்தொலைவுப் பேருந்துகளுள் புகழ்பெற்றது, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கிரேஹவுண்ட் நிறுவனத்துக்காக 1954 முதல் 1956 வரை செய்துகொடுத்த சீனிக்குரூசர் என்பது. மொத்தம் 1,001 வண்டிகள் செய்யப்பட்டன. குளிர்சாதனமும் கழிப்பறையும் உடைய அவ்வண்டிகளுள் சில, ஓய்வு பெற்றபின் தனியார் கைக்குச் சென்று வீடுகளாயின. பின்னர் எம்.சி.ஐ. நிறுவனத்தின் வண்டிகளும் அவ்வழியே சென்றன.

இவ்விருவகை வண்டிகளிலும் உள்ள கருவிகள் ஒரே தன்மையன அல்ல. பள்ளிப் பேருந்தில் எஞ்சின் பெரும்பாலும் முன்புறம் இருக்கும். அங்கிருந்து இரப்பர்க் குழாய்கள் புறப்பட்டு, இருக்கைகளின் அடியிலுள்ள வெப்பப் பெட்டிகளுக்குச் சென்று திரும்பும். குளிர்சாதனம் எல்லாப் பள்ளிப் பேருந்துகளிலும் இராது. வெயில் மிகுந்த தென்மாநிலங்களிலேயே அதனை மிகுதியாகக் காணலாம். நெடுந்தொலைவுப் பேருந்திலோ எஞ்சின் பின்புறம் இருக்கும். வெப்பச் சுருளும் குளிர்ச் சுருளும் ஒரே அமைப்பாகத் தரையின் கீழுள்ள அறையில் பொருத்தப்பட்டு, பெரிய விசிறிகளால் காற்று மேலே செலுத்தப்படும். ஆதலின் பள்ளிப் பேருந்தில் எளிதாகப் பிரிக்கக்கூடியவை, நெடுந்தொலைவுப் பேருந்தில் பின்னிப் பிணைந்து கிடக்கும்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

இவ்வினாவுக்கு விடை காணக் கருவிகள் இயங்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும். வெப்பமூட்டும் கருவி தானாக எதையும் எரிப்பதில்லை. எஞ்சின் வீணாக்கும் வெப்பத்தையே அது எடுத்துப் பயன்படுத்துகிறது.

டீசல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரங்களை இயக்க உதவுகிறது. மற்றொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி, எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்நீரில் கலந்து, ரேடியேட்டர் வழியாகக் காற்றில் போய்விடுகிறது. அந்நீர் ஏறத்தாழ 80 பாகை சென்டிகிரேடு வெம்மையில் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பகுதியைக் குழாய் வழியே உள்ளே கொண்டுவந்து, ஒரு சிறு சுருளில் பாய்ச்சி, அதன்மீது விசிறியால் காற்றை ஊதினால், அக்காற்று சூடாகி வண்டிக்குள் பரவும். இதுவே வெப்பமூட்டும் கருவி.

இதனால் கிடைக்கும் வெப்பம் எவ்வளவு? ஒரு கணக்கால் விளங்கும். ஒரு பெரிய பேருந்து மணிக்கு 60 மைல் வேகத்தில், காலனுக்கு 8 மைல் வீதம் ஓடுவதாகக் கொள்வோம். மணிக்கு 7.5 காலன் டீசல் செலவாகும். ஓர் அமெரிக்கக் காலன் டீசலில் ஏறத்தாழ 40 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. ஆகவே ஒரு மணி நேரத்தில் எரிவது 300 கிலோவாட் மணி. அதில் நான்கில் ஒரு பங்கு குளிர்நீரில் சேர்வதாகக் கொண்டால், 75 கிலோவாட் மணியாகும். வீட்டில் பயன்படும் மின்சார வெப்பக் கருவி ஒன்றின் அளவு 1.5 கிலோவாட். அப்படியாயின், ஓடும் பேருந்தின் குளிர்நீரில் 50 மின்சார வெப்பக் கருவிகளுக்கு ஒப்பான வெப்பம் பெருகி ஓடுகிறது! அதனை வண்டிக்குள் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் எண்ணெய்ச் செலவு ஏறத்தாழ ஒன்றே.

ஆகவே, ஓடும் வண்டியில் வெப்பம் விலையின்றிக் கிடைப்பது. அதனைத் தரும் கருவியை எறிந்துவிடுவோர், இலவசமாகக் கிடைத்ததைப் பின்னர் விலைகொடுத்து வாங்க நேரிடும்.

குளிர்ச்சி பிறக்கும் வகை

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குகிறது என்பது பேச்சு வழக்கு. உண்மையில் அது வெப்பத்தை இடம் மாற்றுகிறது. எளிதில் ஆவியாகும் ஒரு நீர்மம், வண்டிக்குள் இருக்கும் சுருளில் ஆவியாகும்போது அங்குள்ள காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரெசர் என்னும் அழுத்தி அழுத்தி, வெளியே இருக்கும் சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை விட்டு மீண்டும் நீர்மமாகிறது. இச்சுழற்சி இடைவிடாது நடைபெறும்.

இங்கு இலவசம் என்பது இல்லை. அழுத்தியைச் சுழற்ற வலு வேண்டும். பேருந்தில் அவ்வலுவை எஞ்சினே தருகிறது. குளிர்சாதனத்தின் அளவை 'டன்' என்று கூறுவர். ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது கவரும் வெப்பத்தின் அளவே அது. மணிக்கு 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு, அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட் என்று கணக்கிடுவர். நெடுந்தொலைவுப் பேருந்தின் குளிர்சாதனத்தை 10 டன் அளவினது என்று கொண்டால், அதன் அழுத்திக்கு 20 குதிரைத்திறனை ஒட்டிய வலு தேவைப்படும். விசிறிகளுக்கு வேண்டிய மின்சாரம் இதற்கு மேற்பட்டது. மலையேறும்போது இச்சுமையை ஓட்டுநர் நன்கு உணர்வார்.

வெப்பமும் குளிர்ச்சியும் ஒரே குழாய்க் கூட்டத்தில் இணைந்திருப்பினும், ஒன்று கழிவிலிருந்து பெறுவது, மற்றொன்று புதிதாகச் செலவிட்டுப் பெறுவது. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளவேண்டும் என்றோ, சேர்த்தே எறியவேண்டும் என்றோ முடிவு செய்வோர் இவ்வேறுபாட்டைக் கருதாதவரே.

நாற்பத்தேழு பேரும் இருவரும்

பேருந்தின் கருவிகள் யாருக்காகச் செய்யப்பட்டவை? 47 பயணிகள் அமர்ந்திருக்க, இருபுறமும் நீண்ட கண்ணாடிச் சன்னல்கள் வெயிலை உள்ளே விட, அடிக்கடி கதவு திறந்து மூட, நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்காக. அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். 47 பேர் எனின் 4.7 கிலோவாட், ஒன்றேகால் டன்னுக்கும் மேல் அவர்கள் உடல்வெப்பம் மட்டுமே. கண்ணாடி வழியே வரும் வெயில், கூரையின் வெம்மை, புதுக்காற்றின் வெம்மை ஆகியவை இதனினும் மிகுதி. வெயிலில் நின்று காய்ந்த வண்டியைப் பயணிகள் ஏறுவதற்குள் குளிர்விக்கவும் வேண்டும். எனவேதான் அத்துணைப் பெரிய கருவி தேவையாயிற்று.

வீடானபின் அவ்வண்டியில் வாழ்வோர் இருவரோ நால்வரோ. பல சன்னல்கள் மூடப்பட்டுவிடுகின்றன. சுவர்களுக்கும் கூரைக்கும் வெப்பம் புகாத அடைப்புகள் வைக்கப்படுகின்றன. அந்நிலையில் 10 டன் குளிர்ச்சி வேண்டுவதில்லை. கூரைமேல் பொருத்தும் குளிர்சாதனப் பெட்டி ஒன்று 13,500 அல்லது 15,000 வெப்ப அலகு அளவினது. அத்தகைய பெட்டிகள் இரண்டோ மூன்றோ பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும்.

அளவை விடவும் பெரிய வேறுபாடு மற்றொன்று உண்டு. பேருந்து பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பது. வீடு பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பது. பேருந்தின் பழைய கருவிகள் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். இரவில் உறங்கும்போது எஞ்சின் ஓடுவதில்லை. அதனை வேண்டுமென்றே ஓடவிடுவதும் அறிவுடைமை ஆகாது. நின்ற நிலையில் கனரக டீசல் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 0.8 காலன் எண்ணெயைக் குடிக்கும். எட்டு மணி நேர இரவுக்கு ஆறு காலனுக்கு மேல் ஆகும். குளிர்சாதனச் சுமை சேர்ந்தால் அது இன்னும் கூடும். அன்றியும், குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடும் டீசல் எஞ்சினுக்குள் எரியாத எண்ணெயும் கரியும் படிந்து அதன் வாழ்நாளைக் குறைக்கும். புகையும் இரைச்சலும் அண்டையில் உள்ளோரையும் வருத்தும்.

எனவே நிற்கும் வீட்டுக்குத் தனிக் கருவிகள் எப்படியும் வேண்டும். இதில் இரு கருத்துக்கு இடமில்லை. அப்படியாயின் ஓடும்போது மட்டும் உதவும் பழைய கருவி எதற்கு என்பதிலேயே கருத்து வேறுபாடு தோன்றுகிறது.

நீக்கவேண்டும் என்போர் கூறுவன

நீக்க விரும்புவோர் கூறும் முதற்காரணம் இடம். நெடுந்தொலைவுப் பேருந்தில் குளிர்சாதனத்தின் சுருள்களும் விசிறிகளும் தரையின் கீழுள்ள சரக்கறைகளில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றை நீக்கினால் நீர்த்தொட்டியும் மின்கலங்களும் வைக்க இடம் கிடைக்கும். பள்ளிப் பேருந்தில் இருக்கையடி வெப்பப் பெட்டிகள், கட்டிலோ அலமாரியோ அமையவேண்டிய இடத்தில் தடையாக நிற்கும்.

இரண்டாவது காரணம் எடை. அழுத்தி ஒன்றே 100 இராத்தலுக்கு மேற்பட்டது. சுருள், விசிறி, குழாய் எல்லாம் சேர்த்தால் பல நூறு இராத்தலாகும்.

மூன்றாவது காரணம் முதுமை. கைமாறும் பேருந்துகள் பெரும்பாலும் பல ஆண்டுகள் உழைத்தவை. இரப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கும்; இணைப்புகளில் கசிவு இருக்கும். வெப்பக் குழாய் உடைந்தால் 80 பாகை வெம்மையுள்ள நீர் கட்டிலின் அடியில் பீறிட்டுப் பாயும். உறையாமல் இருப்பதற்காக அந்நீரில் கலக்கப்படும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வாழும் இடத்தில் அது கசிவது பெருந்தீங்கு.

நான்காவது காரணம் மின்சாரம் பற்றியது. பழைய நெடுந்தொலைவுப் பேருந்துகளில், விசிறிகளின் பசியைத் தீர்க்கவே பெரிய மின்னாக்கிகள் வைக்கப்பட்டன. 24 வோல்ட்டில் 270 ஆம்பியர் தரும் மின்னாக்கி அவற்றுள் ஒருவகை. அது 6 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஆற்றல். பழைய குளிர்சாதனத்தை நீக்கினால் இவ்வாற்றலில் பெரும்பகுதி மிச்சமாகிறது. அதனை வீட்டு மின்சாரமாக மாற்றிக் கூரைமேலுள்ள பெட்டியை ஓடும்போதே இயக்கலாம். ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ 1.5 கிலோவாட் போதும். எனவே ஓடும்போதும் நிற்கும்போதும் ஒரே கருவியே உதவும் என்பது இவர்கள் வாதம்.

வைத்துக்கொள்ளவேண்டும் என்போர் கூறுவன

மறுபக்கத்தாரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பேருந்தின் முன்கண்ணாடி மிகப் பெரிது. அரிசோனாவின் நடுப்பகல் வெயில் அதன் வழியே ஓட்டுநரின்மேல் நேரே விழும். கூரையின் நடுவிலுள்ள பெட்டியின் குளிர்ச்சி அவ்விடத்தை எட்டுவதற்குள் ஓய்ந்துவிடும். நெடுநேரம் வாகனம் செலுத்துவோரின் சோர்வு, அவரோடு வருவோர் அனைவர்க்கும் இடர். பழைய குளிர்சாதனம் நன்னிலையில் இருந்தால், அதற்கு நிகரான வலுவுடைய ஒன்றைப் புதிதாக வாங்குவது எளிதன்று.

வெப்பத்தைப் பொறுத்தவரை இவர்கள் வாதம் இன்னும் வலிமையுடையது. பனிக்காலத்தில் நாள் முழுதும் ஓடிய வண்டி, மாலையில் நிற்கும்போது தரையும் சுவரும் மரச்சாமான்களும் சூடேறியிருக்கும். இரவுக்கு வேண்டிய எரிபொருளில் ஒரு பங்கு மிச்சமாகும். நீர்த்தொட்டியும் குழாய்களும் வழியில் உறையாமல் காக்கப்படும். வெப்பமூட்டும் கருவி மற்றோர் உதவியும் செய்கிறது. மலைச்சாலையில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும்போது, உள்வெப்பக் கருவியை முழுதும் திறந்துவிடுவது ஓட்டுநர்கள் அறிந்த பழைய உத்தி. அது இரண்டாவது ரேடியேட்டராகப் பணிபுரியும். உள்ளிருப்போர் வியர்த்தாலும் எஞ்சின் பிழைக்கும்.

எல்லாவற்றினும் மேலாக, இவ்வெப்பத்தில் நச்சுப்புகை இல்லை. எரிதல் எஞ்சினுக்குள் நடைபெறுகிறது. உள்ளே வருவது வெந்நீர்க் குழாயின் வெம்மை மட்டுமே. வண்டிக்குள் வாயு அடுப்பையோ விறகடுப்பையோ எரித்து வெப்பம் பெறுவோர், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு எப்போதும் அஞ்சவேண்டும். காற்றுப்போக்கும் எச்சரிக்கை மணியும் இன்றி அத்தகைய அடுப்பை எரித்து உறங்குவது உயிருக்கே கேடாக முடியும்.

நீக்கக்கூடாத ஒன்று

இருசாராரும் ஒப்புக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. அது முன்கண்ணாடியின் பனி நீக்கி. ஓட்டுநரின் காலடியிலிருந்து சூடான காற்றை முன்கண்ணாடியின்மேல் செலுத்தும் அமைப்பு அது. அமெரிக்கக் கூட்டாட்சியின் பாதுகாப்பு விதிகள், புதிதாகச் செய்யப்படும் பேருந்துகளில் அது இருந்தே ஆகவேண்டும் என்கின்றன. காரணம் வெளிப்படை. குளிர்நாட்டில், வண்டிக்குள் இருப்போரின் மூச்சே கண்ணாடியில் ஈரமாகப் படிந்து பார்வையை மறைக்கும். சமையலும் நீராடலும் நடைபெறும் வீட்டுவண்டியில் ஈரம் இன்னும் மிகுதி. ராக்கி மலைத்தொடரின் கணவாய் ஒன்றில், இருபுறமும் பள்ளம் கிடக்க, பனி பொழியும் வேளையில் முன்கண்ணாடி மங்குமாயின், வண்டிக்குள் எத்தனை அழகிய அலமாரிகள் இருந்தும் பயன் என்ன?

பழைய குழாய்களை எல்லாம் ஒருசேரப் பிடுங்கி எறிவோர், பனி நீக்கிக்குச் செல்லும் குழாயையும் சேர்த்து அறுத்துவிடுவதுண்டு. குறை கோடையில் தெரியாது. முதற் பனிக்காலத்தில், நெடுஞ்சாலையின் நடுவே, திருத்த முடியாத இடத்தில் தெரியவரும்.

சட்டமும் வாயுவும்

குளிர்சாதனத்தைக் கழற்றுவதில் வேறொரு தடையும் உண்டு. அதனுள் அடைபட்டிருக்கும் வாயுவை வெளியே விடுதல் குற்றம்.

பழைய பேருந்துகளில் ஆர்-12 என்னும் வாயு பயன்பட்டது. இவ்வகை வாயுக்கள் வானவெளியில் உயர்ந்து சென்று, கதிரவனின் கொடிய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்பதை மோலினா, ரோலண்ட் ஆகிய இருவரும் 1974-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1992 ஜூலை முதல் நாளிலிருந்து இவ்வாயுக்களை அறிந்தே வெளிவிடுதல் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது. ஆர்-12 வாயுவின் உற்பத்தி அங்கு 1995-ஆம் ஆண்டு முடிவோடு நின்றது. வேறு சில பேருந்துகளில் பயன்பட்ட ஆர்-22 வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020 ஜனவரியோடு நின்றன. அவற்றுக்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாது. எனினும் பூமியின் வெப்பத்தைப் பெருக்குவது. அதன் உற்பத்தியும் 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ்ப் படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகிறது.

இவற்றால் விளைவன இரண்டு. பழைய குளிர்சாதனத்தைக் கழற்றுவோர், தகுதிச் சான்று பெற்ற தொழிலாளரைக் கொண்டு வாயுவை முதலில் கலத்தில் மீட்டெடுத்தல் வேண்டும். குழாயை அறுத்து வாயுவைக் காற்றில் விடுதல் கூடாது. அது கண்ணில் பட்டால் பார்வைக்கும், தோலில் பட்டால் சதைக்கும் ஊறு செய்யும். மற்றொன்று, பழைய குளிர்சாதனத்தை வைத்துக்கொள்வோர், அது எந்த வாயுவில் இயங்குவது என்பதை அறிந்தே முடிவு செய்தல் வேண்டும். ஆர்-12 வாயுவில் இயங்கியதை ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்றலாம். ஆனால் அழுத்தியின் எண்ணெயையும் மாற்றவேண்டும், குளிர்ச்சியும் ஓரளவு குறையலாம். கசிவு மிகுந்த பழைய கருவிக்கு ஆண்டுதோறும் விலையுயர்ந்த வாயுவை ஊற்றிக்கொண்டிருப்பது ஓட்டைக்குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

நடுவழி

இவ்விரு கருத்துகளுக்கும் இடையே நடுவழி ஒன்று இல்லாமல் இல்லை. ஓடும் வீட்டுக்கு வேண்டியதையும் நிற்கும் வீட்டுக்கு வேண்டியதையும் பிரித்துப் பார்ப்பதே அவ்வழி.

ஓட்டுநர் பகுதியின் வெப்பமும் பனி நீக்கியும் எந்நிலையிலும் காக்கப்படும். பின்பகுதிக்குச் செல்லும் வெப்பக் குழாய்களில் அடைப்பான்கள் வைக்கப்படும். வேண்டாத காலத்தில் மூடிக்கொள்ளலாம். குழாய் உடைந்தாலும் எஞ்சின் நீர் முழுதும் வடிந்துவிடாது. பழைய இரப்பர்க் குழாய்கள் புதியன ஆக்கப்படும். எஞ்சின் நீர் குடியிருக்கும் இடத்திற்குள்ளேயே வரவேண்டாம் எனின், தட்டடுக்கு வெப்பமாற்றி ஒன்றை வெளியே பொருத்தலாம். எஞ்சின் நீர் ஒருபுறமும், நஞ்சற்ற வேறு நீர் மறுபுறமும் ஓட, வெப்பம் மட்டும் கைமாறும்.

டீசல் எரித்து அந்த நீரையே சூடாக்கும் சிறு கொதிகலனைச் சேர்த்துவிட்டால், எஞ்சின் ஓடாதபோதும் பழைய வெப்பச் சுருள்கள் பணிபுரியும். குளிர்நாட்டுப் பேருந்துகள் பலவற்றில் இக்கொதிகலன் முன்னரே இருப்பதுண்டு. எஞ்சினையும் அதுவே முன்கூட்டிச் சூடாக்குவதால், உறைபனிக் காலையில் எஞ்சின் எளிதில் கிளம்பும். இவ்வாறு, ஓடும் வீட்டின் கருவியே நிற்கும் வீட்டுக்கும் உதவுவதாகிறது.

குளிர்சாதனத்தைப் பொறுத்தவரை, நன்றாக இயங்குவதும் கசிவற்றதும் எளிதில் கிடைக்கும் வாயுவில் ஓடுவதுமாயின் வைத்துக்கொள்ளலாம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், பெரிய கருவியை நீக்கிவிட்டு, ஓட்டுநர் பகுதிக்கு மட்டும் சிறிய குளிர்சாதனம் ஒன்றை அமைத்து, பின்பகுதிக்கு மின்சாரக் கருவியை நாடுவது ஏற்றது.

நீக்குவதாயின், அதற்கும் முறை உண்டு. பள்ளிப் பேருந்தில் வெப்பப் பெட்டியை எடுத்தபின், செல்லும் குழாயையும் திரும்பும் குழாயையும் ஒன்றோடொன்று இணைத்துச் சுற்றை முடிக்கவேண்டும். அழுத்தியை எடுத்தால், அதன் பட்டை வேறு எவற்றைச் சுழற்றுகிறது என்று பார்த்தல் வேண்டும். மின்னாக்கியோடு சேர்ந்திருந்தால் பட்டையின் அளவை மாற்ற நேரும். கம்பிகளை அறுக்குமுன் மின்சுற்றுப் படத்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இடுதல் நலம். குழாய்கள் சென்ற துளைகளைத் தரையில் திறந்தபடி விட்டுவிடலாகாது. அவற்றின் வழியே எஞ்சின் புகை உறங்குவோர் அறைக்குள் புகக்கூடும்.

முடிவு

பேருந்தை வாங்கிய முதல் வாரத்தில், இருக்கைகளைக் கழற்றிய அதே வேகத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிடத் தோன்றுவது இயல்பே. இடம் பெருகுவதைக் காணும் மகிழ்ச்சி அத்தகையது. ஆனால் இருக்கை வேறு, குழாய் வேறு. இருக்கையின் பயன் பார்த்த அளவில் விளங்கும். குழாயின் பயன் குளிர்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் வண்டியை ஓட்டிப் பார்த்தாலன்றி விளங்காது. பலர் தம் சேமிப்பு முழுவதையும் இவ்வண்டியில் இடுகின்றனர்; வேறு வீடு இல்லாதோரும் அவருள் உண்டு. அவர்களுக்கு இது பொழுதுபோக்கன்று, தலைக்குமேல் கூரை. அத்தகையோர் கழற்றுமுன் ஓட்டிப் பார்த்தல் கடமையாகும்.

வெப்பம், எஞ்சின் தரும் கொடை. தக்க காரணம் இன்றி அதனைத் தள்ளுதல் வேண்டா. குளிர்ச்சி, எஞ்சின் கேட்கும் விலை. தகுதி கண்டு கொடுத்தல் வேண்டும். பனி நீக்கி, உயிர்க்காவல். அதனைத் தொடுதலே கூடாது. இம்மூன்றையும் பிரித்தறிந்தவர்க்கு, வைத்துக்கொள்வதா நீக்குவதா என்னும் வினா பெரும்பாலும் தானே விடை கூறிவிடும்.